குளிரில் கியர் முரண்டு பிடித்தால் ஆயிலைப் பாருங்கள்

டில்லியில் ஜனவரி வந்தால் என் 125 சிசி பைக்குக்குத் தனிப் பிடிவாதம். கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போட்டாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். நியூட்ரல் விழவே விழாது. கொஞ்ச தூரம் ஓடிவிட்டால் எல்லாம் சரி.

இந்தக் கடைசி விஷயம்தான் துப்பு. சூடானதும் மறைகிற கோளாறு என்றால் கிளட்ச் பிளேட்டைக் கழற்றுமுன் ஆயிலைப் பார்ப்பது உத்தமம். சர்வீஸ் பில்லில் ஆயில் கிரேடு 20டபிள்யூ-50, கையேட்டிலோ 10டபிள்யூ-30. கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது என்பது எங்கள் முனிர்கா பக்கம் வேதவாக்கு!

முன் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கு, சிறிதானால் நல்லது. பின் எண் 100 டிகிரியில் உள்ள பிசுப்புக்கு. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பிசுப்பை அளக்கும் அலகு), 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். ஆனால் வெப்பநிலையைச் சொல்லாமல் கெட்டி என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஆறிக்கிடக்கும் 10டபிள்யூ-30, கொதிக்கும் இன்ஜினில் ஓடும் 20டபிள்யூ-50ஐவிடப் பல மடங்கு கெட்டி. என் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகளும் இதே ஆயிலில்தான் ஊறுகின்றன. அது பாகாக இருந்தால் அவை பிரியாமல் ஒட்டிக்கொள்ளும்.

கரோல் பாக்கில் 10டபிள்யூ-30 வாங்கினேன், ஆயிலில் ஊறும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாஸோ எம்ஏ முத்திரை பார்த்து. சில கார் ஆயில்களில் உள்ள உராய்வு குறைக்கும் சேர்மானத்தால் கிளட்ச் வழுக்கும். இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி, பழையதை வடித்து, அளவாக ஊற்றினேன். மறுநாள் காலை நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது.

ஜூன் வெயிலுக்கும் இது தாங்குமா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். கையேடு வேறு கிரேடு சொல்லாதவரை இதையேதான் போடுவேன்.