பிட்காயின் வலையமைப்பின் அளவையும் புவியியல் பரவலையும் மதிப்பிடுவது எப்படி

எண்ணத் தொடங்கும் முன், எதை எண்ணப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பிட்காயின் மென்பொருளை ஓடவிட்டு வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினிகளான கணுக்களில் (வழக்கில் நோடு) இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்றுக்கொள்பவை ஒரு வகை. ரவுட்டருக்கோ ஃபயர்வாலுக்கோ பின்னால் இருந்துகொண்டு, தாமாக மட்டும் பிறரை நாடிச் செல்பவை மற்றொரு வகை. முதல் வகையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எண்ணிவிடலாம். இரண்டாவது வகையைக் கணக்குப் போட்டுத்தான் ஊகிக்க முடியும். வெறும் வாலட் செயலி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டிலும் சேர மாட்டார்கள்.

முதல் வகையை எண்ணுவதற்கு கணுவிலிருந்து கணுவாகச் சென்று முகவரிகளைத் திரட்டும் ஒரு கிராலர் நிரல் தேவை. பிட்காயின் மென்பொருளிலேயே பதிந்துள்ள டிஎன்எஸ் சீடுகள் என்னும் முகவரி தரும் சர்வர்களிடமிருந்து தொடக்க முகவரிகளைப் பெற்று, ஒவ்வொன்றுடனும் (பெரும்பாலும் 8333 என்ற போர்ட்டில்) இணைந்து, தன்னை அறிமுகப்படுத்தும் ‘வெர்ஷன்’ செய்தியை அனுப்ப வேண்டும். எதிர்முனையும் தன் ‘வெர்ஷன்’ செய்தியையும், ஏற்பைத் தெரிவிக்கும் ‘வெராக்’ செய்தியையும் அனுப்பிக் கைகுலுக்கல் முடிந்ததும், அது அறிந்த பிற கணுக்களின் முகவரிகளைக் கேட்கலாம். ஒரு பதிலில் அதிகபட்சம் 1,000 முகவரிகள் வரும். புதியவற்றை வரிசையில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பிட்காயின் கோர் என்னும் கணு மென்பொருளின் 0.21 பதிப்பு முதல் இந்தப் பதில் ஏறத்தாழ ஒரு நாள் வரை சேமித்து வைக்கப்பட்டு அதுவே மீண்டும் தரப்படுவதால், ஒரே கணுவைத் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையின் மூன்றாம் பதிப்பு முகவரிகள் பழைய செய்தி வடிவத்தில் அடங்காத அளவுக்கு நீளமானவை. ஆகவே, புதிய வடிவத்தை ஏற்பதாக ‘வெராக்’ செய்திக்கு முன்பே கிராலர் அறிவித்துவிட வேண்டும். இதை மறந்த கிராலரின் கணக்கில் அந்தக் கணுக்கள் இடம்பெறவே மாட்டா. வேலை முடிந்த உடனே இணைப்பைத் துண்டித்துவிடுவது நாகரிகம், ஏனெனில் உள்வரும் இணைப்புகளுக்கான இடம் எல்லாக் கணுக்களிலும் வரையறுக்கப்பட்டது.

கேள்விப்பட்ட முகவரிகளில் பெரும்பகுதி எப்போதோ அணைந்துபோனவை; ஆகவே கைகுலுக்கலை முடித்தவற்றை மட்டுமே எண்ண வேண்டும். ‘வெர்ஷன்’ செய்தியிலுள்ள பிளாக் உயரம் (பரிவர்த்தனைத் தொகுதிகளான பிளாக்குகளின் சங்கிலி அந்தக் கணுவிடம் எதுவரை உள்ளது என்ற எண்) உண்மையான சங்கிலியைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தால் அந்தக் கணுவைத் தனியே ஒதுக்குவது நல்லது. ஒரே கணு ஐபிவி4, ஐபிவி6 (இரு வகை இணைய முகவரிகள்), டோர் ஆகிய மூன்றிலும் தோன்றலாம். வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரி நாளுக்கு நாள் மாறவும் கூடும். எனவே ஒரு வாரத்தில் கண்ட முகவரிகளையெல்லாம் கூட்டிச் சொல்லும் எண் எப்போதும் ஊதிப்போனதாகவே இருக்கும். சில நிமிடங்களில் எடுத்த பதிவுகள் பலவற்றின் இடைநிலை எண்ணையே நான் நம்புவேன்.

மறைந்திருக்கும் கணுக்களை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு. பிட்காயின் கோர் இயல்பாக 10 வெளிச்செல்லும் இணைப்புகளை வைத்திருக்கும்: 8 முழுமையானவை, 2 பிளாக்குகளுக்கு மட்டுமானவை. ஒருவரின் வெளிச்செல்லும் இணைப்பு இன்னொருவருக்கு உள்வரும் இணைப்பு என்பதால், இரண்டு கூட்டுத்தொகைகளும் சமமாக இருந்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக, எண்ணக்கூடிய கணுக்கள் 10,000 என்றும், நீங்கள் நடத்தும் கணுக்களுக்குச் சராசரியாக 40 உள்வரும் இணைப்புகள் உள்ளன என்றும் கொள்வோம். மொத்த இணைப்புகள் 4,00,000. அதை 10 ஆல் வகுத்தால் மொத்தக் கணுக்கள் 40,000, அவற்றில் மறைந்திருப்பவை 30,000. இந்தக் கணக்கு சரிவர வேண்டுமானால், எல்லாக் கணுக்களுடனும் இணைந்து உளவு பார்க்கும் கிராலர்களை உள்வரும் பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய கணுவை அதிகம் பேர் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால், அளவிடும் கணுக்களைச் சில வாரங்களாவது ஓடவிட்டிருக்கவும் வேண்டும்.

புவியியல் பரவலுக்கு, ஐபி முகவரியின் இருப்பிடத்தைச் சொல்லும் ஜியோஐபி தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறோம். அது நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், நகரத்தை அவ்வளவாகச் சொல்லாது. இருப்பிடம் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரே புள்ளியை ஒரு தரவுத்தளம் தந்துவந்ததால், கான்சஸ் மாநிலத்தின் ஒரு பண்ணை வீட்டுக்குப் பல ஆண்டுகள் தொல்லை நேர்ந்த கதை 2016இல் வெளிவந்தது. வரைபடத்தில் இத்தகைய செயற்கைப் புள்ளிகள் தெரிந்தால் நீக்கிவிடுங்கள். டோர் கணுக்களுக்கு இருப்பிடமே இல்லை. பிட்காயினில் அவற்றின் பங்கு பெரியது என்பதால், நாட்டு வாரியான விழுக்காட்டை இருப்பிடம் தெரிந்தவற்றுக்குள் மட்டும் கணக்கிட்டு, தெரியாதவற்றின் பங்கைத் தனியே குறிப்பிட வேண்டும். முகவரி எந்த நிறுவனத்தின் வலையில் உள்ளது என்பதையும் பாருங்கள். ஜெர்மனியில் குவிந்திருக்கும் கணுக்கள் டேட்டா சென்டர்களில் இருந்தால், அவற்றின் உரிமையாளர்கள் எந்த நாட்டிலும் இருக்கலாம். புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனிங் திறன் எங்கே உள்ளது என்பதையும் இந்த வரைபடம் காட்டாது.

எத்தேரியம் என்னும் மற்றொரு பிளாக்செயின் வலையமைப்பில் வழி சற்று வேறு. அங்கே கணுக்களைத் தேடுவது, நிலையான இணைப்பு இல்லாமலே செய்தி அனுப்பும் யுடிபி வழியாக நடக்கிறது; அந்தத் தேடல் வலையை வேறு பல சங்கிலிகளின் கணுக்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே அதில் கிடைத்த ஒவ்வொரு கணுவுடனும் நிலையான இணைப்பு முறையான டிசிபி வழியாக இணைந்து, அதன் நெட்வொர்க் எண்ணையும் முதல் பிளாக்கின் ஹாஷையும் (கைரேகை போன்ற அடையாள எண்) சரிபார்த்த பிறகே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.