புதர்க்காட்டில் செடி வகைகளைக் கணக்கெடுப்பது எப்படி

சமவெளி முட்புதர்க் காடுகள் பல இடங்களில் பதிவேட்டில் வெறும் தரிசாகத்தான் கிடக்கின்றன. அங்கே என்னென்ன வளர்கிறது என்று எடுத்துக்காட்ட ஒழுங்கான கணக்கு வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, ஜனவரிக்குள் போங்கள். சித்திரையில் போனால் ஓராண்டுப் பூண்டுகள் காய்ந்து போயிருக்கும், பட்டியலில் புதர்கள் மட்டும் மிஞ்சும்.

20 மீட்டர் நைலான் கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நான்கு முளைகளில் சதுரமாகக் கட்டுங்கள். மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வந்தால் கட்டம் கோணவில்லை. புதர்களுக்கு இந்தக் கட்டம். பூண்டு, புல்லுக்கு இதன் ஒரு மூலையில் 1 மீட்டர் சதுரம் போதும்.

இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கால் தானாக ஒற்றையடிப் பாதையோரம் போகும். அங்கே ஆடு மேய்ந்த தடமும் உன்னிச்செடியும்தான் அதிகம். வரைபடத்தில் கட்டம் கீறி, எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். அடுத்தடுத்த கட்டங்களில் புது வகை சேர்ந்துகொண்டிருக்கும்வரை கட்டம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேர் கயிற்றுக்குள் இருந்தால்தான் கணக்கு. கிளை மட்டும் நீட்டினால் சேராது. கயிற்றின் மேலேயே நிற்பவற்றுக்கு, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் உள்ளதை மட்டும் சேருங்கள். ஒரே தூரிலிருந்து பத்துக் கிளை வந்தாலும் ஒரு செடிதான். பிரண்டை போலப் படர்வதை எண்ண முடியாது. 30 மீட்டர் நாடாவை நேராக விரித்து, அதன் கீழ் எத்தனை மீட்டரை அது மூடியிருக்கிறது என்று தனியே குறியுங்கள்.

பெயரில் அதிகம் தவறுவது களாவும் காரையும். இரண்டிலும் எதிரெதிர் இலை, இணை முள். இலையைக் கிள்ளினால் களாவில் வெள்ளைப் பால் வரும், காரையில் வராது. பூவில்லாமல் அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதாமல், கட்ட எண்ணுடன் செய்தித்தாளில் அழுத்தி வையுங்கள்.

வகைகளின் எண்ணிக்கை மட்டும் ஏமாற்றும். 100 செடி, 10 வகை உள்ள இரண்டு காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வகைக்குப் பத்துச் செடி. மற்றதில் சீமைக்கருவேல் 91, மீதி ஒன்பதும் ஒவ்வொன்று. ஒவ்வொரு வகையின் பங்கையும் அந்தப் பங்கின் இயல் மடக்கையால் (கணிப்பானில் ln) பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் கிடைப்பது, வகைகளின் பன்மையைக் காட்டும் ஷானன் குறியீடு. முதல் காட்டுக்கு 2.30, இரண்டாவதற்கு 0.50. அறிக்கையில் வகைகளின் எண்ணிக்கை, ஷானன் குறியீடு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், வகைப் பட்டியலையும் முழுதாக இணையுங்கள்.