சட்டத்தை நிரலாக்கும்போது: ‘தெரியாது’ வேறு, ‘இல்லை’ வேறு

பிரிட்டனின் 1981 குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ப்ரோலாக் என்ற கணினி மொழியில் நிரலாக எழுதி, 1986-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சட்ட வாசகமே ‘இப்படி இருந்தால் இப்படி’ என்று போவதால் வேலை சுலபமாகத் தெரியும். வழுக்குவதும் அங்கேதான்.

முதல் பிரிவையே பாருங்கள். பிரிட்டனில் பிறந்த குழந்தையின் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றவர் அல்லது அங்கே நிலையாகத் தங்கியவர் என்றால் குழந்தைக்கும் குடியுரிமை உண்டு. சரி, பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைக்கு? நிரூபிக்க முடியாததை ‘இல்லை’ என்று கொள்வது ப்ரோலாக்கின் பழக்கம். இந்த விதியோடு நிறுத்தினால், குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று பதில் வரும். சட்டமோ அடுத்த உட்பிரிவிலேயே, மாறாக நிரூபிக்கப்படும்வரை தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகவே அதைக் கருதச் சொல்கிறது. யார் நிரூபிக்க வேண்டும் என்பதும் விதிதான். அதை எழுதாமல் விட்டால் மென்பொருளே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அரசு உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்களைக் கணினி வழியே கண்டுபிடித்துத் திரும்ப வசூலிக்க ஆஸ்திரேலியா கொண்டுவந்த ‘ரோபோடெட்’ திட்டம் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டது. ஒருவர் ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் சம்பாதித்துவிட்டு, வேலை போனபின் உதவித்தொகை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி உதவி வாங்கிய காலத்திலும் இருவாரத்துக்கு 1,000 டாலர் வருமானம்! ‘அரசுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்’ என்று கடிதம் வரும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 2019-இல் நீதிமன்றத்தில் இது செல்லாது என்றானது. கூட்டிக் கழிப்பதில் பிழையே இல்லை. தெரியாத இடத்தைச் சராசரியால் நிரப்பியதுதான் தவறு.

அப்புறம், தேதியை மறப்பது. அதே குடியுரிமைச் சட்டத்தில், 2006 ஜூலை 1-க்கு முன் பிறந்த குழந்தையின் தாயை மணக்காதவர் ‘தந்தை’ கணக்கில் வரமாட்டார். திருத்தம் வந்ததும் பழைய விதியை அழித்துவிட்டு புதியதை எழுதினால், முன்பு அப்படிப் பிறந்தவர்களுக்குத் தப்பான பதில் போகும். பழையதையும் வைத்துக்கொண்டு, எந்த விதி எந்த நாளிலிருந்து என்று குறித்து வையுங்கள்.

‘நியாயமான’, ‘நிலையாக’ போன்ற சொற்களை ஆம்/இல்லை பெட்டியாக்கி, அதை நிரப்புகிறவர் தலையில் கட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்றால் குழந்தையின் மிதிவண்டி எதில் சேரும்? அந்த இடத்தில் நிரல் நின்று, இதுவரை எதை எதை உண்மை என்று எடுத்துக்கொண்டது எனக் காட்டி, முடிவை மனிதரிடம் விடட்டும்.