டீட்டெயின் லிஸ்ட்டில் என் பேர்

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். நோட்டீஸ் போர்டில் டீட்டெயின் லிஸ்ட், அதாவது வருகைப் பதிவு குறைந்ததால் பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியல். என் பேருக்கு நேரே 68 சதவீதம். எங்கள் விதிப்படி 75 வேண்டும். 65-க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டி காண்டொனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) கேட்கலாம் என்று சொன்னது ஆபீஸ் அண்ணன்தான், வாத்தியார் யாரும் இல்லை.

டெங்குவில் படுத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியை அம்மா தினசரி காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், புண்ணியவதி. அதன் நகல், அப்பா கையெழுத்து, ஹெச்ஓடி (துறைத் தலைவர்) பரிந்துரை, கட்டணச் சலான் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். (காசுக்குக் கிடைக்கும் போலி சர்டிஃபிகேட் பக்கம் போய்விடாதீர்கள், என் ரூம்மேட் அதில்தான் மாட்டினான்.)

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹால் டிக்கெட் வந்தது. ரூம்மேட்டுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரைத் திரும்பப் படித்தான்.