முதல் பாவசங்கீர்த்தனம்: பிள்ளைக்குப் பாவப் பட்டியல் எழுதிக் கொடுக்காதீர்கள்

புதுநன்மை, அதாவது பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், என்றாலே வீட்டில் வெள்ளை கவுன், பூ முடி, மெழுகுவர்த்தி, பிரியாணி என்று ஒரே பரபரப்பு. அதற்கு முன்னால் பிள்ளை முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்பது பலருக்குக் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம், ஆனால் பாட்டிகள் வாயில் வருவது பழைய பெயர்தான். இந்த வரிசை பங்குத்தந்தையின் விருப்பம் அல்ல, திருச்சபைச் சட்டம் 914 சொல்வது. வயதும் அப்படித்தான்: 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், நல்லது கெட்டது பகுத்தறியும் வயது, ஏறக்குறைய ஏழு, வந்தாலே போதும் என்றார். நம் பங்குகளில் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள்.

ஞாயிறு மறைக்கல்வி எடுக்கும்போது ஒத்திகையில் நான் பார்த்தது இது. வகுப்பில் எல்லாருக்கும் ஒரே மூன்று பாவம்: பொய் சொன்னேன், சண்டை போட்டேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை. என்ன பொய் என்று கேட்டால் பிள்ளை முழிக்கும், ஏனென்றால் அது அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு.

அதனால் பட்டியலை விட்டுவிட்டு, இரவு ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அன்றைய நாளை ஓட்டிப் பார்க்கப் பழக்குங்கள். ஆன்ம சோதனை என்பது அவ்வளவுதான். பத்துக் கட்டளைகளில் நான்கு, ஏழு, எட்டு, அதாவது பெற்றோர், களவு, பொய், இந்த மூன்றிலேயே எட்டு வயதுப் பிள்ளையின் உலகம் பாதி அடங்கிவிடும். ஆறாம் கட்டளைக்கு அர்த்தம் கேட்டால் பதறாமல், கல்யாணம் ஆனவர்கள் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

ரொம்ப முக்கியமானது, தவறுதலுக்கும் பாவத்துக்கும் உள்ள வித்தியாசம். டம்ளர் கை தவறி உடைந்தது பாவம் இல்லை. தம்பிதான் உடைத்தான் என்று சொல்லி அவனுக்கு அடி வாங்கிக் கொடுத்ததுதான் பாவம். அதேபோல நீங்கள் தூங்கிவிட்டதால் பிள்ளை ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்றால், அதைப் பிள்ளை சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

பயத்தைப் போக்க ஒரு வார நாளில் கோவிலுக்குக் கூட்டிப்போய் காலியாக இருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியை, அதாவது ஃபாதர் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் கூண்டைக் காட்டுங்கள். முழங்கால் போடும் பலகை, முகத்துக்கு நேரே இருக்கும் சல்லடைத் தட்டி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். நேருக்கு நேர் உட்கார்ந்தும் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள், சில பிள்ளைகளுக்கு அதுதான் எளிது. வீட்டில் ஒத்திகை பார்த்தால் கற்பனைப் பாவத்தை வைத்துப் பாருங்கள், பிள்ளையின் சொந்தப் பாவத்தைக் கேட்காதீர்கள். சிலுவை அடையாளம், பாவங்கள், ஃபாதரின் அறிவுரை, பரிகாரம், மனத்துயர் மன்றாட்டு (பாவத்துக்காக வருந்திச் சொல்லும் ஜெபம்), மன்னிப்பு, நன்றி, இதுதான் வரிசை. மன்றாட்டு நடுவில் மறந்துபோனால் ‘இயேசுவே, தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் செய்தேன், மன்னியும்’ என்று சொந்த வார்த்தையில் சொன்னாலும் போதும், ஃபாதர் மீதியை எடுத்துக் கொடுப்பார்.

‘இரு, ஃபாதர்கிட்ட சொல்றேன்’ என்று மிரட்டும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அங்கே கேட்டதை ஃபாதர் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது. நேரடியாக வெளியிடும் குருவுக்குத் திருச்சபையிலிருந்தே விலக்கம், அதுவும் தானாகவே விழும். பிள்ளை இதை நம்பினால்தான் வாய் திறக்கும்.

அன்றைக்கு வரிசையில் பிள்ளைக்கு முன்னால் நீங்கள் நில்லுங்கள். வெளியே வந்ததும் ‘என்ன சொன்னே, என்ன கேட்டார்’ வேண்டாம். பரிகாரமாக அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லியிருப்பார், அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அங்கேயே பெஞ்சில் முழங்கால் போட்டு முடிக்கட்டும். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவர் சக்கேயுவின் கதையை முன்பே சொல்லி வைத்திருந்தால், மறுநாள் பிள்ளை பக்கத்துப் பையனின் ஷார்ப்னரைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கும். அப்போது எங்கிருந்து வந்தது என்று விசாரணை நடத்தாதீர்கள்.

பிள்ளை தானே சீட்டில் எழுதிக்கொண்டு வருவது தப்பில்லை, ஆனால் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். ஒரு தடவை கோவிலைக் கூட்டும்போது பெஞ்சுக்கடியில் நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று கிடைத்தது. பென்சில் எழுத்து, முதல் வரி கண்ணில் பட்டதுமே மடித்து, துண்டு துண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.