உங்கள் வீச்சுக்குக் கிரிக்கெட் துடுப்பை எப்படிப் பிடிப்பது?

ஒழுங்கையில் மென்பந்து (ரென்னிஸ் பந்து) அடித்துப் பழகிய பிள்ளைகள் கடினப்பந்துக்கு வரும்போது முதலில் கவனிக்க வேண்டியது பிடியைத்தான். ரென்னிஸ் பந்து உயர எழும்பும். கீழ்க்கையின், அதாவது பிடியில் கீழே இருக்கும் கையின், பலத்தால் இழுத்தடித்துவிடலாம். கடினப்பந்தை நேராக அடிக்கவும் தெரியவேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்காக எழுதுகிறேன், இடக்கைக்காரர் கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

துடுப்பின் முகம் நிலத்தைப் பார்க்க, கைபிடி உங்கள் பக்கம் இருக்கக் கீழே வையுங்கள். விறகு கொத்தக் கோடாலியை எடுப்பதுபோல இரண்டு கையாலும் தூக்குங்கள். இடக்கை மேலே, வலக்கை கீழே, இரண்டும் ஒட்டி இருக்கட்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தெரியும் ஆங்கில 'வி' (V) வடிவங்கள் இரண்டும் ஒரே கோட்டில், துடுப்பின் முதுகுமேட்டுக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே வரவேண்டும்.

அடுத்தது கீழ்க்கை. எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான். நிற்கும்போது பிடி சரியாகவே இருக்கும். பந்து வந்ததும் உள்ளங்கை பிடியைச் சுற்றி இறுகிவிடும். உடனே துடுப்பின் முகம் திரும்பி, நேரே போகவேண்டிய பந்து மிட் ஒன் பக்கம், அதாவது பந்துவீச்சாளரைத் தாண்டி உங்கள் இடப்பக்கமாகப் போகும். ஒருவரை மெதுவாகப் பந்து போடச் சொல்லி, முதலில் மேல்கையால் மட்டும் நேராக அடியுங்கள். பிறகு கீழ்க்கையின் பெருவிரலையும் முதல் இரண்டு விரல்களையும் மட்டும் சேர்த்து அடியுங்கள். பந்து நேரே போகும்வரை இதை விடாதீர்கள். 2007 உலகக் கிண்ண இறுதியில் எங்கள் இலங்கை அணிக்கெதிராக 104 பந்தில் 149 ஓட்டங்கள் எடுத்த அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட், கீழ்க்கைக் கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்து ஒன்றை வைத்திருந்தது இந்தக் கை இறுகாமல் இருக்கத்தான்.

லெக் பக்கம் (வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம்) அடிப்பதுதான் உங்கள் பலம் என்றால் கீழ்க்கை கொஞ்சம் சுற்றிப் பிடிக்கலாம். ஆனால் 'வி' பிடி படிந்த பிறகு செய்யுங்கள்.

கைபிடியின் மேலே பிடித்தால் வீச்சு நீளும். கீழே பிடித்தால் கட்டுப்பாடு கூடும். டெண்டுல்கர் பாரமான துடுப்பைக் கீழே பிடித்தே ஆடினார். ஆனால் சின்னப் பிள்ளையின் கை தானாகக் கீழே இறங்கினால், துடுப்பு அவனுக்குப் பாரம் என்று அர்த்தம். துடுப்பை மாற்றுங்கள்.

கைபிடிக்கு மேல் போடும் றப்பர் உறை (கிறிப்) ஒன்று போதும். இரண்டு போட்டால் பிடி தடித்து, சிறிய கைக்கு மணிக்கட்டுத் திருப்புவது கஷ்டம்.

பின்சேர்க்கை: மகனுக்கு முன்னங்கை நோகிறது என்று ஒரு தந்தை கேட்டிருந்தார். பெரும்பாலும் காத்து நிற்கும்போதே இறுக்கிப் பிடிப்பதால் வருவது. பந்துவீச்சாளர் ஓடி வரும்வரை விரல்களைத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் நோ குறையாவிட்டால் விளையாட்டை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.