கிராமத்து வீட்டுக்குக் கேஸ் பாய்லரும் தொட்டியும்: பள்ளம் தோண்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்குகள்

குளிர்ப்பகுதி நகரங்களில் கேஸ் தெருக்குழாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். குழாய் எட்டாத கிராமத்து வீட்டில், வீட்டைச் சூடாக்கவும் குளிக்க வெந்நீர் எடுக்கவும் தேவையான எரிபொருளை நாமே முற்றத்தில் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வேறுபாடுதான் திட்டத்தின் வரிசையையே மாற்றுகிறது. கேஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரைத் தேர்ந்தெடுத்து வாங்கிவிட்டு, கேஸ் தொட்டிக்கு இடம் தேடுபவர்கள் பலர். அது தலைகீழான வரிசை. முதலில் வீட்டின் வெப்பத் தேவை, அடுத்து அதற்கேற்ற பாய்லர் வகை, பிறகு ஆண்டுக்குத் தேவையான எரிபொருளும் தொட்டியின் அளவும் இடமும், கடைசியில்தான் குழாயும் பாய்லர் அறையும்.

கேஸ் இணைப்பையும் அழுத்தச் சோதனையையும் பாய்லரை முதன்முறை பற்றவைப்பதையும் உரிமம் பெற்ற தொழில்நுட்பரே செய்ய வேண்டும். இங்கே விளக்கப்படுவது, அவரை அழைப்பதற்கு முன் வீட்டுக்காரர் தாளில் முடித்து வைக்க வேண்டிய வேலை.

படி 1: வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்கிடுங்கள்

ஒவ்வொரு சுவர், கூரை, தரை, சன்னல் ஆகியவற்றின் பரப்பளவைச் சதுர மீட்டரில் அளந்து, அந்தப் பொருளின் யு மதிப்பாலும், உள்ளும் வெளியும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்கினால் வெப்ப இழப்பு வாட் கணக்கில் கிடைக்கும். யு மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பத்தைக் கசிய விடுகிறது என்பதைக் குறிக்கும் எண்.

ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். 10 சதுர மீட்டர் பரப்புள்ள வெறும் செங்கல் சுவர். யு மதிப்பு ஏறத்தாழ 2. உள்ளே 20 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி. வேறுபாடு 25. ஆகவே 10 × 2 × 25 = 500 வாட். அதே சுவருக்கு வெப்பக்காப்பு செய்து யு மதிப்பை 0.3 ஆகக் குறைத்தால் இழப்பு 75 வாட்டாகிவிடும். பெரிய பாய்லருக்குச் செலவிட எண்ணும் பணத்தில் ஒரு பகுதியைச் சுவருக்கும் கூரைக்கும் திருப்புவதே நல்லது என்று நான் கருதுவதற்கு இந்த இரண்டு எண்களே காரணம்.

காற்றோட்டத்தால் ஏற்படும் இழப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வீட்டின் கன அளவை, ஒரு மணி நேரத்தில் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதாலும், வெப்பநிலை வேறுபாட்டாலும், 0.33 என்ற எண்ணாலும் பெருக்கினால் போதும். 260 கன மீட்டர் வீட்டில் மணிக்கு ஒரு முறை காற்று மாறினால், 25 டிகிரி வேறுபாட்டில் இழப்பு சுமார் 2.1 கிலோவாட். இவை எல்லாவற்றையும் கூட்டி நம் வீட்டின் உச்சத் தேவை 10 கிலோவாட் என்று வந்ததாக வைத்துக்கொண்டு மேலே போவோம்.

படி 2: பாய்லரின் வகையை முடிவு செய்யுங்கள்

தண்ணீரை அந்தந்தக் கணமே சூடாக்கித் தரும் காம்பி பாய்லருக்குத் தனி வெந்நீர்த் தொட்டி தேவையில்லை. ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 24 கிலோவாட் திறன் வேண்டும். வீட்டைச் சூடாக்க 10 கிலோவாட் போதுமென்ற நிலையில், வெந்நீருக்காக மட்டுமே இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட பாய்லரை வாங்குகிறோம். எனவே அதன் குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்பதைக் கட்டாயம் கேளுங்கள். குறைந்தபட்சமே 7 அல்லது 8 கிலோவாட் என்றால், இளங்குளிர் நாட்களில் அது பற்றுவதும் அணைவதுமாக எரிபொருளை வீணாக்கும்.

மாற்று வழி, சிறிய பாய்லரும் தனி வெந்நீர்த் தொட்டியும். 150 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8.7 கிலோவாட் மணி வெப்பம் போதும். 10 கிலோவாட் பாய்லர் ஒரு மணி நேரத்துக்குள் அதை முடித்துவிடும். கிணற்று நீர் கடினமாக இருக்கும் வீடுகளில் காம்பியின் வெப்பப் பரிமாற்றியில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், அங்கே இந்த ஏற்பாடே என் தேர்வு.

எதை வாங்கினாலும் அது எல்பிஜிக்கு, அதாவது தொட்டியில் திரவமாக நிற்கும் கேஸுக்கு, ஏற்றதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழாய்க் கேஸுக்கான ஜெட்டும் (கேஸ் பாயும் சிறு துளை) அழுத்த அமைப்பும் இதற்குப் பொருந்தா.

படி 3: தொட்டியின் அளவு

எல்பிஜி என்பது புரோபேனாகவோ பியூட்டேனாகவோ இருக்கலாம்; குளிர்ப்பகுதியில் வெளியே வைக்கும் தொட்டிக்குப் புரோபேன்தான் ஏற்றது. அது உறைநிலைக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும்.

ஒரு லிட்டர் திரவப் புரோபேனில் சுமார் 7.1 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. வீட்டுக்கு ஆண்டுக்கு 15,000 கிலோவாட் மணி வெப்பம் தேவை, எரிபொருளின் ஆற்றலில் 90 விழுக்காட்டைப் பாய்லர் வெப்பமாகத் தருகிறது என்றால், சுமார் 16,700 கிலோவாட் மணிக்குரிய எரிபொருளை, அதாவது ஏறத்தாழ 2,350 லிட்டரை வாங்க வேண்டும். தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதில்லை. வெயிலில் திரவம் விரிவதற்கு இடம் விட்டு, 80 முதல் 85 விழுக்காட்டோடு நிறுத்துவார்கள். 2,000 லிட்டர் தொட்டி என்றால் 85 விழுக்காட்டில் 1,700 லிட்டர். 30 விழுக்காட்டுக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பச் சொல்வதாக இருந்தால், ஒரு முறைக்கு நமக்குக் கிடைப்பது 1,100 லிட்டரே. மிகக் குளிரான மாதத்தில் ஆண்டுத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 470 லிட்டர் தீரும் என்று கொண்டால், கையிருப்பாக நிற்கும் 600 லிட்டர் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். பனியால் சாலை அடைபடும் இடத்தில் இந்தக் கடைசி எண்தான் முக்கியம்.

சிறிய தொட்டியைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. நாம் கேஸை எடுக்க எடுக்க உள்ளே திரவம் கொதிக்கிறது; அதற்கான வெப்பத்தைத் தொட்டியின் சுவர் வழியாக வெளியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. திரவம் தொடும் பரப்புதான் இதில் கணக்கு. மட்டம் குறைந்த சிறிய தொட்டியிலிருந்து குளிர் நாளில் அதிகமாக இழுத்தால், திரவம் குளிர்ந்து அழுத்தம் விழுந்து பாய்லர் நின்றுவிடும். அப்போது தொட்டியின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: திரவம் நிற்கும் உயரம் வரை வெண்பனி படர்ந்து, அதற்கு மேலே உலோகம் வெறுமையாக இருக்கும்.

படி 4: தொட்டிக்கு இடம்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. புரோபேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது; தண்ணீரைப் போலத் தரையோடு ஊர்ந்து பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். காற்றில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே மனையின் வரைபடத்தில் வடிகால் வாய், கிணறு, நிலவறைச் சாளரம், தாழ்வான கதவு ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டு, அவற்றிலிருந்து விலகிய இடத்தைத் தேடுங்கள். மனை சரிவாக இருந்தால், கூடுமானவரை வீட்டுக்குக் கீழ்ப்புறமே தொட்டி இருக்கட்டும்.

சுமார் 2,000 லிட்டர் வரையுள்ள, தரைக்கு மேல் நிற்கும் தொட்டிக்கும் வீட்டுக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி என்பது பல நாட்டு விதிகளில் காணப்படும் அளவு. உங்கள் பகுதியின் விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும். மேலே மின்கம்பி ஓடக்கூடாது. அருகில் விறகு அடுக்கக்கூடாது. புல்லைக் கையால் வெட்டுங்கள். குளோரேட் வகைக் களைக்கொல்லி தானே தீயை வளர்க்கும் பொருள், அதைத் தொட்டியருகே தெளிக்கவே கூடாது. வெளிர் நிறம் அழகாக இல்லையென்று தொட்டிக்குக் கரும்பச்சை பூசுகிறவர்கள் உண்டு. வெயிலைத் திருப்பி அனுப்பவே அந்த வெளிர் நிறம்.

அடுத்து டேங்கர் லாரி. அதன் நிரப்புக் குழாய் எத்தனை மீட்டர் நீளும், எவ்வளவு அகலமான வாயில் வேண்டும், வழியிலுள்ள சிறு பாலம் எடையைத் தாங்குமா என்று கேஸ் தருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஓட்டுநர் நிற்கும் இடத்திலிருந்து லாரியும் தொட்டியும் ஒருசேரத் தெரிய வேண்டும். குழாயை வீட்டுக்குள்ளாக இழுத்துச் செல்ல முடியாது.

தொட்டியைப் புதைத்தால் முற்றம் அழகாக இருக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2,000 லிட்டர் தொட்டி நீரில் முழுதாக மூழ்கினால் 2,000 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளப்படும். 1,700 லிட்டர் புரோபேனின் எடையோ சுமார் 870 கிலோதான். இரும்புக் கூட்டையும் சேர்த்தாலும் 2,000 கிலோவை எட்டாது. நிரம்பிய தொட்டியே மிதந்து மண்ணைப் பிளந்துகொண்டு எழும் என்று பொருள். நிலத்தடி நீர் உயரும் மனையில் அடியில் கான்கிரீட் பலகை அமைத்து அதோடு தொட்டியைக் கட்டி இறுக்க வேண்டும். துருவைத் தடுக்க, இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசியத் துண்டும் (ஆனோடு) தேவை.

படி 5: குழாயும் ரெகுலேட்டரும்

20 டிகிரியில் தொட்டிக்குள் அழுத்தம் 7 பாருக்கு மேல் இருக்கும். பாய்லருக்கு வேண்டியதோ சில பத்து மில்லிபார் மட்டுமே. இதை இரண்டு கட்டமாகக் குறைப்பதே நல்ல முறை: தொட்டியருகே ஒரு ரெகுலேட்டர், வீட்டுச் சுவரில் இன்னொன்று. இடையிலுள்ள நீண்ட தூரத்தை நடுத்தர அழுத்தத்தில் கடந்தால் மெல்லிய குழாயே போதும். மண்ணுக்குள் மஞ்சள் பாலிஎதிலீன் குழாய், அதற்கு மேலே எச்சரிக்கைப் பட்டை. மண்ணைவிட்டு மேலே எழும் இடத்தில் உலோகக் குழாய்க்கு மாறிவிட வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன், வெளியே கை எட்டும் உயரத்தில் ஓர் அடைப்பு வால்வு. பள்ளத்தை மூடுவதற்கு முன் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். சில ஆண்டு கழித்துக் கடப்பாறை இறக்குபவர் உங்களை வாழ்த்துவார்.

படி 6: பாய்லர் இருக்கும் இடம்

நிலவறையில் வேண்டாம், காரணம் மேலே சொன்ன கனம்தான். புகைக்குழாயின் வாய் சன்னலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் வகை பாய்லர், அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடான ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 50 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தன் முழுச் சிக்கனத்தையும் தரும். ஆகவே ரேடியேட்டர்கள் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். அது வெளியேற்றும் நீர் அமிலத்தன்மை உடையது. பிளாஸ்டிக் குழாயில், சரிவோடு, முடிந்தவரை வீட்டுக்குள்ளாகவே கொண்டுபோங்கள். வெளியே நீண்டால் குளிரில் உறைந்து பாய்லரை நிறுத்திவிடும்.

எச்சரிக்கைக் கருவிகள் இரண்டு வேண்டும், அவற்றின் உயரமும் வேறு. கேஸ் கசிவைக் காட்டுவது தரைக்கு அருகில். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடையே கொண்டது என்பதால் அதற்கான கருவி மூச்சு விடும் உயரத்தில்.

மின்சாரம் போனால் பாய்லரும் நிற்கும். பம்புக்கும் விசிறிக்கும் சிறிய இன்வெர்ட்டர் போதும். ஆனால் பாய்லர் தன் தீயை மின்முறையில் உணர்வதால், சில ஜெனரேட்டர்களிலும் இன்வெர்ட்டர்களிலும் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாதபோது, தீ எரிந்துகொண்டிருந்தும் எரியவில்லை என்று எண்ணி அணைந்துவிடும். இதை மின்பணியாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 7: ஒப்பந்தமும் முதல் நிரப்பலும்

தொட்டி வாடகைக்கா, சொந்தமா? வாடகைத் தொட்டியில் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. பெரும்பாலும் அவர்களிடமே கேஸ் வாங்க வேண்டியிருக்கும். ஒப்பந்தக் காலம், விலை மாறும் விதம், விலகினால் தொட்டியை எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

முதல் நிரப்பலுக்கு முன் அழுத்தச் சோதனைச் சான்றை வாங்கி வையுங்கள். நிரப்பிய அன்று அளவுகாட்டி எத்தனை விழுக்காடு காட்டுகிறது என்று நோட்டில் எழுதி, முதல் குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை அதே கிழமையில் எழுதி வாருங்கள். 2,000 லிட்டர் தொட்டியில் முள் 1 விழுக்காடு இறங்கினால் 20 லிட்டர் தீர்ந்தது என்று பொருள். படி 3இல் போட்ட கணக்கு எங்கே பிசகியது என்பதை மூன்றாம் மாதத்துக்குள் அந்த நோட்டே காட்டிவிடும்.